திருப்பிக் கொண்டு வரலாமா?

"வீல்சேர் வழியில நிக்கக் கூடாதுக்கா. நாங்க ஓரமா வெச்சிக்கிறோம், ஷோ முடிஞ்சதும் வந்துடும்," என்றான் பொழுதுபோக்குப் பூங்காவின் அரங்க ஊழியன். தனபால் தன் மனைவி ரேணுகாவைத் தூக்கிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தான். நாற்காலியை மேடைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்குகள் அணைந்தன. "என்னங்க, அத எங்க வெச்சாங்கன்னு பார்த்தீங்களா?" "எங்க போயிடப் போவுது? பேசாம ஷோவப் பாரு." மந்திரவாதி ஒரு புறாவை மறைய வைத்தான், பிறகு ஒரு மேசையை. அடுத்து, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சக்கர நாற்காலியை உருட்டி வந்தார்கள். அதன் கைப்பிடியில் மஞ்சள் பை தொங்கியது. காலையில் தனபால்தான் அதை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். "என்னங்க, அது நம்மளுது!" பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கைகளை ஊன்றி எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மந்திரவாதி கறுப்புத் துணியைப் போர்த்தி உருவினான். மேடை காலியாக இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், "திருப்பிக் கொண்டு வரலாமா, வேணாமா?" என்று கேட்டான். "வேணாம்!" என்று கூட்டம் சிரித்துக்கொண்டே கத்தியது. அவன் மறுபடி கேட்டான். இம்முறை அந்த "வேணாம்" ரேணுகாவின் காதருகிலும் கேட்டது. "கடைசியா ஒரு தடவை கேக்கிறேன்," என்றான் மந்திரவாதி. அவள் திரும்பிப் பார்த்தாள். தனபால் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலி தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன உள்ளங்கைகள் இரண்டையும் வாயருகே குவித்து வைத்திருந்தான்.