ஷாக் அடிக்கிற மோட்டார்

"மூணாவது தடவ வர்றேன் அண்ணே. ஒயர மாத்தியாச்சு, உப்பும் கரியும் கொட்டி எர்த்து போட்டாச்சு. இன்னும் என்னாதான் பண்ணச் சொல்றீங்க?" எலக்ட்ரீஷியன் பச்சைமுத்து மோட்டார் கொட்டாய் வாசலில் பையைத் தொப்பென்று போட்டார்.

"நீ பண்ண லட்சணந்தான், நேத்தும் தூக்கிப் போட்டுச்சு!" என்று கத்தினார் சக்கரபாணி. கரும்பு காய்கிற எரிச்சல் அவருக்கு. வளவனூர்ப் பக்கம் கரண்டு வருவதே பெரிய பாடு. வருகிற நேரத்திலும் ஸ்டார்ட்டரைத் தொடப் பயம்.

"நான் போட்டா ஒண்ணும் ஆவல. இவரு கைய வெச்சாதான் அடிக்குதாம்" என்றாள் அவர் மனைவி அஞ்சம்மாள். "ஆப்பரேசன் பண்ண ஆளு, வூட்டுல கெடன்னா கேட்டாத்தான?"

தை மாதம் சென்னையில், அவருடைய இடது தோளுக்குக் கீழே ஒரு சின்ன மிஷினை வைத்துத் தைத்திருந்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் அது உள்ளுக்குள்ளேயே கரண்டு கொடுத்து அடக்கிவிடும், இடது கையை மட்டும் மேலே தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்குது. நீ வாய மூடு!"

பச்சைமுத்து டெஸ்டரை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மனுஷனுக்கு வெறும் பயம், ஊரெல்லாம் என் பெயரை அல்லவா கெடுக்கிறார் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீடி பற்றவைக்கப் போகிறவர் மாதிரி கொட்டாய்க்குப் பின்னால் போய்விட்டு வந்தார்.

"இப்ப என் கண்ணு முன்னாடி போடுங்க, பாப்போம்."

ஸ்டார்ட்டர் சுவரில் நல்ல உயரத்தில் இருந்தது. எதற்கும் இடது கையே முந்தும் சக்கரபாணிக்கு. அந்தக் கையைத் தூக்கி எட்டி, பச்சைப் பொத்தானைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், "ஐயோ!" என்று அலறியபடி மல்லாந்து விழுந்தார்.

"பாத்தியாடா? இப்பவாச்சும் நம்புறியா?" தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் முனகினார்.

பச்சைமுத்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அஞ்சம்மாள் புருஷனின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினாள். "மரம் மாதிரி நிக்குறியே! மொதல்ல போயி ஃபியூஸப் புடுங்குய்யா!"

"அப்பவே புடுங்கிட்டேன் அண்ணி. ஃபியூஸ் கட்ட மூணும் என் பையிலதான் இருக்குது."