மோந்து பாருங்கம்மா

"ஏம்மா, பாடி லோஷன்னு விக்கிறாங்களே, அதுல விலை கம்மியா, நல்லா வேலை செய்யிறதா ஒண்ணு சொல்லுங்களேன்."

மீன் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகக் கனகாம்பாள் இப்படிக் கேட்டாள். வினோதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருக்கு, உனக்கா?"

"கையில மீன் வாசம் போவணும்மா. புளி, எலுமிச்சம்பழம் எல்லாம் தேச்சுப் பாத்தாச்சு. தோலுதான் உரியுது."

"நான் போடுறது நூத்தி நாப்பது ரூபா."

"ஆத்தாடி! அவ்வளவு தாங்காதும்மா."

வினோதினி மாற்றலாகிக் காரைக்காலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஞாயிறு தவறாமல் கருக்களாச்சேரியிலிருந்து கனகாம்பாள் மீன் கொண்டு வருவாள். பேச்செல்லாம் கொடுவா, சங்கரா என்று மீனோடு நின்றுவிடும். பேர், வேலை என்று அதற்கு மேல் போனதில்லை.

உள்ளே போனதும் கணவன் நீலமேகத்திடம் பொரிந்து தள்ளினாள்.

"மீன்காரிக்கு லோஷன் கேக்குதுங்க! கிலோவுக்கு அஞ்சு ரூபா குறைன்னா மூக்கால அழுவா. மினுக்கிக்க மட்டும் காசு இருக்கு."

"பூசிட்டுப் போறா, உனக்கென்ன? குழம்பைக் கவனி" என்றான் அவன். கொடுவா என்றால் அவனுக்கு உயிர்.

அடுத்த ஞாயிறு கனகாம்பாள் கூடையைத் தொடுவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்கம்மா. இருவது ரூபா லோஷன்."

வினோதினி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நாலடி பின்னால் போனாள்.

"இதை ஏன் என்கிட்ட நீட்டுற? நீயே மோந்து பாத்துக்க வேண்டியதுதானே?"

"எனக்கு எங்கம்மா தெரியுது? பொறந்ததுலேருந்து இதே வாசம்தான். எங்க தெருவுல எந்த மூக்குக்கும் மீன் வாசம் தெரியாது. அதான் வெளி மூக்கு வேண்டியிருக்கு."

"போகலை. நல்லா நாறுது. போதுமா?"

மூன்றாவது ஞாயிறு வினோதினி வாசலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கனகாம்பாள் மறுபடியும் கையை நீட்டினாள்.

"இது நெய்னா முகம்மது ஃபேன்சி ஸ்டோர்ல வாங்குனதும்மா. முப்பத்தஞ்சு ரூபா. நாலு கடை ஏறி எறங்கிட்டேன். காலையில எறா உரிச்சிட்டு, சோப்பு போட்டுக் கழுவிட்டுப் பூசினேன்."

இவள் விடமாட்டாள் போலிருக்கிறதே என்று வினோதினி வேண்டாவெறுப்பாகக் குனிந்து மோந்தாள். நிஜமாகவே வாசம் இல்லை.

"ம்... இது தேவலை."

"நெசமாவா? இன்னொரு தரம் பாருங்கம்மா!"

"அட, இல்லைங்கிறேன்ல? மீன் விக்கிறவ கையில மீன் வாசம் அடிச்சா என்ன குடியா முழுகிடும்? இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?"

கனகாம்பாளுக்குக் கோபமே வரவில்லை. முகமெல்லாம் பல்லாக, லோஷன் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? எம் மவ முத்தமிழுக்கு. சுனாமியில எங்க மீன்புடி போட்டு அடிச்சிட்டுப் போனதுலேருந்து எறா உரிக்கிற கூலியும் சேந்தாத்தான் எங்களுக்குச் சோறு. புள்ளையும் காலையில எங்கூட உக்காந்து உரிச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவுது. கை நாறுதுன்னு டீச்சர் அதைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிட்டாங்களாம். அங்கேருந்து போர்டு சரியாத் தெரியலையாம். என் கையில போற வாசம் அது கையில போவாதா?"

வினோதினியின் சிவப்புப் பேனா நின்றது.

"பொண்ணு... அழுதுச்சா?"

"அழுதுச்சு. ஆனா டீச்சரை ஒரு வார்த்தை சொல்ல விடாதும்மா. 'அவங்களாட்டம் யாரும் கணக்கு சொல்லித் தர மாட்டாங்க, வாசம் போனா அவங்களே முன்னாடி கூப்புடுவாங்க'ன்னு அவ்வளவு நம்பிக்கையா இருக்கு."

வினோதினி விடைத்தாள் கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கனகாம்பாள் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"ஆறாவதுக்குப் புதுசா வந்த டீச்சராம். பேரு வினோதினியாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நாளையிலேருந்து புள்ள கை நாறாதுன்னு."