முசுடு போட்ட பூட்டு

“இந்தக் கம்பெனியில மனுஷனை மனுஷனா மதிச்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சு மேடம்!”

ஷிப்ட் இன்ஜினியர் மேசையைத் தட்டியே சொல்லிவிட்டார். கூட்ட அறையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

மின் நிலையத்தில் வேலைச் சூழல் கெட்டுவிட்டது என்று ஒரே புகார். எல்லாரும் மனம்விட்டுப் பேசட்டும் என்று தலைமை அலுவலகம் ஓர் அதிகாரி அம்மாளை அனுப்பியிருந்தது. கேட்க வேண்டுமா? ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் இன்ஜினியருக்கு மைக்கே தேவைப்படவில்லை.

“ஒரு குறையைச் சொன்னா காதுகொடுத்துக் கேக்க நாதி இல்லை மேடம். பக்கத்து சீட்டுக்காரன் மயங்கி விழுந்தாக்கூட, ‘என்னப்பா ஆச்சு?’ன்னு மெயில் அனுப்பித்தான் கேப்பாங்க!”

சிரிப்பு. அவருடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முசுடு.

பழுது பார்க்கும் ஃபிட்டருக்கு அந்தப் பெயர் நிலைத்துப் பல காலம் ஆகிறது. வாயைத் திறந்தால் வள்ளென்றுதான் விழுவார். இன்ஜினியர் போனை கட் பண்ணினார்.

“யாருக்குமே பொறுப்புன்னு ஒண்ணு...”

மறுபடியும் முசுடு. மறுபடியும் கட்.

கொஞ்ச நேரத்தில் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஆளே ஓடி வந்துவிட்டார்.

“சார், நிலக்கரி பெல்ட்டை ஓட்ட முடியலை. ரிப்பேர் முடிஞ்சதுன்னு முசுடு கையெழுத்துப் போட்டுட்டாரு. ஆனா சுவிட்ச் பெட்டியில அவர் பூட்டு அப்படியே தொங்குது. ஆளைக் காணோம்!”

“பாத்தீங்களா மேடம்?” இன்ஜினியருக்கு ஒருவிதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. “நான் சொன்ன லட்சணம் இதான். வாங்க, நேர்லயே காட்டறேன்.”

பெல்ட்டில் வேலை செய்ய இறங்குகிறவர் யாராக இருந்தாலும் தன் பூட்டை சுவிட்ச் பெட்டியில் மாட்டிவிட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கிற வரை பெல்ட் ஓடாது. அடுத்தவர் பூட்டில் யாரும் கைவைக்கக்கூடாது.

இப்போது ஒரே ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நிலைய மேலாளர் இன்ஜினியரிடம் போனில் கத்தினார்.

“பாய்லருக்குக் கரி போகலை, நீங்க பூட்டை வேடிக்கை பாக்கறீங்களா? வெட்டித் தள்ளுய்யா!”

இரும்பு வெட்டும் கட்டர் வந்தது.

“பூட்டுக்குச் சொந்தக்காரர் எங்கேன்னு பாக்காம வெட்டலாமா?” என்று அதிகாரி அம்மாள் தயங்கினார்.

“கையெழுத்தே போட்டுட்டான் மேடம். ஷிப்ட் முடிஞ்ச ஜோர்ல பூட்டை மறந்துட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பான்.”

“இருந்தாலும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமே.”

தலையெழுத்தே என்று கட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார் இன்ஜினியர். மேலிடத்து அம்மாளிடம் முடியாது என்றா சொல்ல முடியும்?

பெல்ட் செல்லும் சுரங்கப் பாதையின் வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார் முசுடு. கையில் பிஸ்கட் பாக்கெட். பார்த்ததும் இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்யா, மொத்த நிலையமும் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நீ இங்க ஜம்முனு பிஸ்கட் தின்னுட்டிருக்கியா?”

“போன் பண்ணேன். கட் பண்ணீங்க. திரும்பவும் பண்ணேன். திரும்பவும் கட் பண்ணீங்க.”

“மீட்டிங்ல இருந்தேன்யா! சாவியைக் குடு.”

“தர மாட்டேன்.”

“உன் வேலைதான் முடிஞ்சு போச்சே?”

“என் வேலை முடிஞ்சுது. அவங்க வேலை முடியலையே.”

முசுடு டார்ச்சை உள்ளே அடித்தார். பெல்ட்டுக்கு அடியில் இரண்டு பெண்கள் தவழ்ந்தபடி, சிந்திக் கிடந்த கரியை வாரிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

அதிகாரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஜினியர் தோளிலிருந்த கட்டரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“இவங்களை... யாரு உள்ள விட்டது?”

“கான்ட்ராக்டர். மத்த நாள்ல பெல்ட் ஓடறப்பவே வாரச் சொல்றாராம். இன்னிக்கு நிக்குதுன்னு தெரிஞ்சு அடி வரைக்கும் அனுப்பிட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டுப் பூட்டைத் திறக்கப் போறப்பதான் உள்ள பேச்சுக் குரல் கேட்டுச்சு. நான் பூட்டை எடுத்தா நீங்க ஓட்டிடுவீங்க. அதான் அப்படியே விட்டுட்டு இங்க வந்து உக்காந்துட்டேன்.”

“ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகலையா நீங்க?” என்று கேட்டார் அதிகாரி அம்மாள்.

“சாவி எங்கிட்ட இருக்கே மேடம். எப்படிப் போறது?”

“அது சரி, உள்ள போற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூட்டை மாட்டணும்தானே? இவங்க பூட்டு ரெண்டும் எங்கே?”

“இருந்துச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்க என்ன நம்ம ஆளுங்களா, அவங்களுக்கு எதுக்குப் பூட்டுன்னு போன மாசம் எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க.”

“அநியாயமா இருக்கே! அப்படிச் சொன்ன மகராசன் யாரு?”

முசுடு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

“உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு மேடம்.”