பாலை எப்போது ஊற்றுவது

டேப்லெட் மறுபடியும் ‘டொய்ங்’ என்றது. டீ போடும் பயிற்சியில் என் மனைவி ஜெரோடிச் பதினெட்டாவது முறையாகத் தோற்றிருந்தாள்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். முகங்களை நினைவு வைப்பது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இந்த டீ மட்டும் வரவில்லை.

ஆறு படங்களை விரலால் இழுத்து வரிசையாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் தேறும்வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று பயிற்சியாளர் நஃபுலா சொல்லியிருந்தாள்.

எங்கள் ஊர் கப்சபெட்டின் பஸ் நிறுத்தத்தில் இருபத்திரண்டு வருடம் டீக்கடை நடத்தியவளுக்கு டீயே மறந்துவிட்டது. கடை பூட்டிக் கிடந்தது.

எதிரே உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த நான், அன்று பொறுக்காமல் டேப்லெட்டைப் பிடுங்கினேன்.

தண்ணீர், பால், தேயிலை, சர்க்கரை, அடுப்பு, கோப்பை.

டொய்ங்.

அவளைப் பார்க்க வந்திருந்த நஃபுலா சிரித்தாள். “அவசரப்பட்டிருப்பீங்க பெரியவரே. கொடுங்க.”

நிதானமாகத்தான் வைத்தாள். தண்ணீர், பால், தேயிலை...

டொய்ங்.

பிறகுதான் திரையில் வந்த சரியான விடையை இருவரும் உற்றுப் பார்த்தோம். பால் கடைசியில், கோப்பைக்கும் பிறகு இருந்தது.

“பாலைத் தண்ணியோட சேர்த்துக் கொதிக்க வைக்காம, எவன்மா இப்படி டீ குடிக்கிறான்?” என்றேன்.

நஃபுலாவின் முகம் வாடியது. “வெளிநாட்டுல போடுற மாதிரி இருக்கு. ஆனா இந்த விடையை அக்கா பதினெட்டு தடவை பார்த்திருக்காங்க. ஒரு தடவைகூட மனசுல நிக்கலையே.”

ஜெரோடிச் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

தண்ணீர், அடுப்பு, கோப்பை, தேயிலை, சர்க்கரை. கடைசியாகப் பாலை, வேண்டாவெறுப்பாகத் தள்ளினாள்.

திரை பச்சையாகிப் பாட்டுப் பாடியது.

“தெரிஞ்சேதான் தோத்தியா? எப்ப இருந்துடி?”

“ரெண்டாம் நாள்.”

“அப்புறம் ஏன்?”

சொற்களைத் தேடி எடுக்க அவளுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். காத்திருந்தோம்.

“அதைப் போய் டீன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் நான் கடையைத் தொறந்து என்ன பிரயோஜனம்?”

மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நஃபுலா எழுந்து, அடுப்புக்குப் போகிற வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.