பிளக்காத கட்டை

"பிளந்த விறகு கேட்டா, பிளக்காத கட்டையைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போறான்! மனுஷனா அவன்?"

ரைலி கடைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தாள். மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு, உர்ஹோவா?" கல்லாவில் இருந்த ஹில்காவுக்கு வம்பென்றால் வெல்லக்கட்டி.

"வேற யாரு? வீட்டைச் சுத்தி மூணு பக்கமும் விறகாலேயே சுவர் எழுப்பி வச்சிருக்கானே, அந்த மகராசன்தான்."

உர்ஹோவின் விறகைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் அலுக்காது. எங்கிருந்தோ வந்து காட்டோரமாகத் தனியாகக் குடியேறினவர். பிளப்பார், அடுக்குவார். மறுபடி பிளப்பார், மறுபடி அடுக்குவார். ஜன்னலே பாதி மறைந்துவிட்டது. அந்த விறகில் பின்லாந்து பூராவும் குளிர் காயலாம் என்று பிள்ளைகள்கூடக் கேலி பேசும்.

"சரியான கஞ்சன்டி அவன்" என்றாள் ஹில்கா. "சனிக்கிழமை ஆவிக் குளியலுக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டான். குளிச்சு முடிச்சா ஆளுக்கொரு பீர் வாங்கித் தரணுமே!"

ரைலியின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. அக்டோபர் பிறந்துவிட்டது. விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. உருளைக்கிழங்கை நிலவறையில் இறக்கியாச்சு. காட்டுப் பழம் பொறுக்கி ஜாம் காய்ச்சியாச்சு. ஜன்னல் இடுக்கெல்லாம் அடைச்சாச்சு. விறகுக் கொட்டகை மட்டும் காலி. கோடை முழுக்க அவள் புருஷன் தவ்னோ கோடாரியைத் தொடவேயில்லை. தொட்டதெல்லாம் பாட்டில்தான்.

அதை விட்டு இப்போது ஒரு வாரம் ஆகிறது. "இன்னொரு தடவை தொட்டா, மகளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். இந்த வீட்டுப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று ரைலி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். பாவம், தவ்னோவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறான். சாயங்காலம் ஆனால் மட்டும் கடைக்குப் போகும் சாலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அவனை விறகு வெட்டச் சொல்ல மனசு வராமல்தான் ரைலி உர்ஹோவிடம் போனாள்.

"போய் என்னன்னு கேட்டே?"

"'கொட்டகை காலியா இருக்கு அண்ணே, ஒரு டிராக்டர் விறகு குடுங்க'ன்னு கெஞ்சினேன். 'தவ்னோ குடிக்கிறதை விட்டுட்டானாமே, சாயங்காலத்துல என்ன பண்றான்?'னு கேக்கறான். இவனுக்கு எதுக்கு அது? சும்மாதான் உக்காந்திருக்காருன்னேன். உடனே, 'பிளந்ததுல ஒரு சிம்புகூடத் தரமாட்டேன்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டான். இன்னிக்குக் காலையில அவனே வந்து கட்டையைக் கொட்டறான். மேல ஒரு கோடாரி வேற!"

"கட்டை ஈரமா?"

"அதைக் குத்தம் சொல்ல முடியாது. நின்னபடியே காஞ்சுபோன பைன் மரம். ஆனா கண்டிஷனைக் கேளு! தவ்னோதான் பிளக்கணுமாம், நான் கை வைக்கக் கூடாதாம். அதுவும் சாயங்காலம்தான் பிளக்கணுமாம்!"

"ஏனாம்? பகல்ல பிளந்தா எரியாதாமா?"

கடையே சிரித்தது.

விஷயம் கேட்டதும் தவ்னோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னைச் சோம்பேறின்னு ஊருக்கே காட்டறானா அந்தக் கிழவன்? இருக்கட்டும்!"

அன்று சாயங்காலமே கோடாரியை எடுத்தான். கட்டை பிளந்ததைவிட உர்ஹோவைத் திட்டினதுதான் அதிகம். "இது அவன் தலை!" என்று ஒரு போடு. "இது அவன் கஞ்சத்தனம்!" என்று இன்னொரு போடு. மகள் கை கொட்டிச் சிரித்தாள். வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தவன், சூப்பைக் குடித்துவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

மறுநாள் சாயங்காலமும் திட்டு. அதற்கு மறுநாளும். போகப் போகத் திட்டு குறைந்தது, விறகு ஏறியது. கட்டை தீர்ந்தபோது உர்ஹோ வந்து இன்னொரு டிராக்டர் கொட்டிவிட்டுப் போனார்.

முதல் வெண்பனி விழுந்தபோது கொட்டகையில் விறகு கூரையை முட்டியது. தவ்னோ சாலையைப் பார்த்து உட்காருவதும் நின்றுபோயிருந்தது.

ரைலிக்குத் தலைகால் புரியவில்லை. கோடாரியைத் தூக்கிக்கொண்டு உர்ஹோ வீட்டுக்குப் போனாள்.

"இந்தாங்க அண்ணே, உங்க கோடாரி. கொட்டகை நிறைஞ்சாச்சு. உங்க புண்ணியத்துல இல்ல, என் புருஷன் கையால!"

விறகு அடுக்கிக்கொண்டிருந்த உர்ஹோ கோடாரியை வாங்கிக்கொள்ளவில்லை.

"அது தவ்னோகிட்டயே இருக்கட்டும்மா. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கட்டை கொண்டாந்து போடறேன்."

"எதுக்கு? அதான் குளிருக்கு வேண்டியது சேந்தாச்சே!"

"குளிருக்குச் சேந்தாச்சு. சாயங்காலத்துக்கு?"

ரைலி நீட்டிய கோடாரியைக் கீழே இறக்கினாள்.

"பிளந்ததைக் குடுத்திருந்தா அன்னிக்கே உங்க வீடு சூடாயிருக்கும்மா. அவன் கை சும்மா இருந்திருக்கும்."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?"

உர்ஹோ தன் வீட்டைச் சுற்றி நின்ற விறகுச் சுவரை ஒரு தடவை பார்த்தார்.

"குளிருக்குன்னு நான் பிளந்தது அதோ, அந்த ஓரத்து வரிசை ஒண்ணுதாம்மா. மிச்சமெல்லாம் பாட்டிலை எடுக்கச் சொல்லிக் கை பரபரத்தப்போ பிளந்தது."