பக்கத்துத் திரை

"அப்பா, கன்ட்ரோல் கீயை விடுங்க! இதுல ஒரு வார்த்தை தாண்டணும்னா ஆப்ஷன் கீயையும் அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தணும்."

"பதினஞ்சு வருஷம் கோர்ட்டு கம்ப்யூட்டர்ல கன்ட்ரோலை அழுத்தித்தானே தாண்டினேன், கண்ணு? விரல் தானா அங்க போகுது. உடனே திரை மொத்தமும் வழுக்கிட்டு ஓடிடுது."

"இந்த சிஸ்டத்துல அது பக்கத்து டெஸ்க்டாப்புக்கு, அதாவது இன்னொரு திரைக்கு, போற வழி. ஆமா, உங்களுக்கு எதுக்கு ரெண்டாவது டெஸ்க்டாப்?"

ஓய்வுபெற்ற தட்டச்சர் திருட்டு முழி முழித்தார்.

"உங்கம்மா வர்ற சத்தம் கேட்டா டக்குனு முதல் டெஸ்க்டாப்புக்கு வந்துடணும். அவ இருக்கறப்ப தப்பித் தவறியும் அந்தப் பக்கம் ஓடக் கூடாது."

மகளுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரே அம்மாவுடையது. பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவள். பக்கவாதத்தில் விழுந்து எழுந்து, மூன்று மாதமாகத்தான் மறுபடி வேலைக்கு உட்கார்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அறுபத்திரண்டு வயதில் இவருக்கு ஏன் இந்தப் புத்தி? அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்குவாளா?

சுவரைப் பிடித்தபடி அம்மா வந்தாள். விரல் தடுமாறினாலும் அப்பா ஒருவழியாகத் திரையை மாற்றினார்.

"நேத்து அனுப்பினதுல ஒரு பிழைகூட இல்லையாம்டீ. பதிப்பகத்துல மெச்சிக்கிட்டாங்க."

"உன் வேலைன்னா சும்மாவா?" என்ற அவர், முகத்தைக் காட்டாமல் மாத்திரை வாங்கக் கிளம்பிவிட்டார்.

அம்மா உள்ளே போனதும் மகள் கன்ட்ரோலையும் அம்புக்குறியையும் அழுத்தினாள். எவளுடைய படமோ, கடிதமோ இருக்கும் என்று நினைத்தாள்.

இருந்தது அம்மா தட்டச்சு செய்யும் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம். ஒரு பிழையில்லாமல் அப்பா அடித்தது.

முதல் டெஸ்க்டாப்புக்குத் திரும்பினாள். அங்கும் அதே நாற்பத்தேழாம் பக்கம், காலையில் அம்மா அடித்தது. பத்து வரியில் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. வெறும் எழுத்துக் குப்பை. சாயங்காலம் அம்மா அனுப்புவதற்குள் அம்மாவின் பக்கம் இருந்த இடத்துக்கு அப்பாவின் பக்கம் வந்துவிடுகிறது என்பது புரிந்தது. அப்பாவைப் போய் இப்படி நினைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா.

"பார்த்துட்டியா? எனக்கு எப்பவோ தெரியும். அப்பாகிட்ட மூச்சு விடாதே."

"ஏம்மா? அவர் உனக்காகத்தானே..."

"அதனாலதான். இப்ப நான் அடிக்கறது, போன வருஷம் நல்லா இருந்தப்பவே அடிச்சுக் கொடுத்த புஸ்தகம்டீ. இப்ப நான் எங்கயும் எதையும் அனுப்பறதில்லை. அவர் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்துற வேலை, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"