ஒட்டிய பக்கம்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் படப்புத்தகத்தின் மேல் போடுகிறது. சித்தி படிக்கிறாள். அவள் மடியில் சாய்ந்திருக்கும் அக்கா மகள் படங்களை விரலால் தடவுகிறாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா படுத்திருக்கிறாள். ஆக்ஸிஜன் மெஷினின் உறுமல் இடுக்கு வழியே வந்துகொண்டே இருக்கிறது. கதையில் கிழட்டு ஆமை குளத்தைச் சுற்றி வந்து எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிறது. பக்கம் புரள்கிறது. மழை, தவளைகள், குட்டி ஆமைகள். "கிழட்டு ஆமை எங்க சித்தி?" "தூங்கப் போயிருக்கும்டா தங்கம்." குழந்தை தடித்த தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். உள்ளே, தலை கவிழ்ந்து கிடக்கும் ஆமை கறுப்பாகத் தெரிகிறது. காலையில் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டச் சித்தி தடவிய பசை இன்னும் சரியாகக் காயவில்லை. குழந்தை ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரிக்கிறாள். "விடும்மா, கிழிஞ்சிடும்." "பரவால்ல. இந்தப் பக்கத்தத்தான் அம்மா தினமும் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு மனப்பாடம்." ஆமையின் ஓட்டில் பாதி பிய்ந்து வருகிறது. "நீ ரொம்ப அழுவியாம். அதனால அம்மா போற அன்னைக்கு உனக்கு நான்தான் படிச்சுக் காட்டணுமாம்." உள்ளே மெஷின் ஒருமுறை திக்கி, மறுபடி உறுமுகிறது. சித்தியின் கண் கதவுக்குப் போகிறது. குழந்தை முதல் வரியின் கீழ் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். "இன்னைக்கா, சித்தி?"